வேலிக்கருவைத் தணலில் ஒரு பரங்கிக்காய்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இராமநாதபுரம் சந்தையில் காய்கறிகளெல்லாம் தார்ப்பாய்க்குக் கீழே, கவிழ்த்துப் போட்ட கூடைகளின் மேல் ஏறிக்கொள்கின்றன. பரங்கிக்காய் மட்டும் ஈர மண்ணிலேயே கிடக்கிறது. கத்தரியும் வெண்டையும் அன்றைக்கே விற்றாக வேண்டும். பரங்கி விற்காவிட்டால் அடுத்த சந்தைக்கு வரும், அதற்கடுத்த சந்தைக்கும் வரும். வரவர இனித்துக்கொண்டே வரும். பறித்த பிறகும் அதன் சதைக்குள் மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாக மாறிக்கொண்டிருக்கிறது. "பழசாப் பாத்து எடு தாயி, புதுசுல வெறும் தண்ணிதான்" என்று சொல்லிக் கடைக்கார அம்மா குவியலின் அடியிலிருந்து ஒன்றை உருட்டிவிட்டார். காம்பு காய்ந்து கட்டையாகியிருந்தது. தோலில் நகம் இறங்கவில்லை. தூக்கிப் பார்த்தால் அளவுக்கு மீறிய கனம். இப்படி ஒரு காய் அகப்பட்டால் உள்ளே சதை நல்ல ஆரஞ்சு நிறத்தில், நீர் குறைந்து, கெட்டியாக இருக்கும்.

ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர்காலம். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இதே மாதங்களில்தான் மர இலைகள் பழுக்கின்றன. வீட்டு வாசல்களில் பரங்கி அடுக்கப்படுகிறது. அங்கே இந்தப் பருவத்தில் ஓவனுக்குள் போகும் பண்டங்கள் பலவற்றில் ஏதோ ஒரு பரங்கி இருக்கும். அதைப் படித்துவிட்டுச் சென்னையின் பெரிய கடைகளில் 'பட்டர்நட் ஸ்குவாஷ்' தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது 1940களில் மாசசூசெட்ஸில் இனக்கலப்புச் செய்து உருவாக்கப்பட்ட ஒரு வகை. நம் சந்தையில் தரையில் கிடக்கும் மஞ்சள் பூசணியும் அதுவும் தாவர இயலின்படி ஒரே இனம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா சந்தன் போன்ற இரண்டு மூன்று கிலோ எடையுள்ள ரகம் கிடைத்தால் அதைவிடச் சிறந்த காயை எந்த நாட்டிலிருந்தும் வரவழைக்க முடியாது.

நான் பரங்கி வாங்க வந்ததற்குக் காரணம் கீழக்கரையில் இருந்தது. அங்கே என் தோழியின் வீட்டில் மூன்று தலைமுறை ஒரு கூரையின் கீழ் வாழ்கிறது. அவளுடைய வாப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் பேரப்பிள்ளைகளோ சீஸ் உருகி வழியும் பாஸ்தாவைத் தவிர வேறொன்றைக் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய குடும்பம் அது. இப்போது வாப்பா தனியாகக் கஞ்சி குடிக்கிறார், பிள்ளைகள் தனியாகத் தட்டை எடுத்துக்கொண்டு போகிறார்கள். "எல்லாரும் ஒரே சஹன்ல கை வைக்கிற மாதிரி ஒரு பாஸ்தா சொல்லிக் குடு. வாப்பாவும் சாப்பிடணும், புள்ளைங்களும் ஒதுக்கக் கூடாது" என்று தோழி தொலைபேசியில் கேட்டாள். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் பேருந்து ஏறினேன்.

ஓவனில் சுடும் பாஸ்தா ஏன் கனக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிக் காய்ச்சிய வெள்ளைக் கூழ் ஒன்று அதில் சேரும். நடுவிலும் மேலேயும் சீஸ் விழும். நான்கு பேருக்கான தட்டில் 50 கிராம் வெண்ணெயும் 250 கிராம் சீஸும் சாதாரணமாகப் போய்விடும். செடார் சீஸ் 100 கிராமில் ஏறத்தாழ 400 கலோரி. பரங்கிக்காய் 100 கிராமில் 30ஐத் தொடாது. ஆகவே சீஸைக் குறைத்து அந்த இடத்தில் பரங்கியைப் போட்டால் முடிந்தது என்று தோன்றும். அப்படிச் செய்தால் வருவது வெந்த காயும் வறண்ட மாவும் கலந்த ஒரு சோகம். சீஸ் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பாஸ்தாவை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கிறது, உப்பும் ஆழமான ஒரு சுவையும் தருகிறது, மேலே முறுகி ஓடு கட்டுகிறது. இத்தனை வேலையையும் வேறு யாராவது பங்கு போட்டுக்கொண்டு செய்தால்தான் அதை வீட்டுக்கு அனுப்ப முடியும். அந்த வேலைக்காரர்கள் எல்லாரும் இந்தக் கடற்கரையில் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதை வழிநெடுகப் பார்த்தேன்.

இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைக்குச் சாலை தெற்கே திருப்புல்லாணி வழியாகப் போகிறது. இருபுறமும் வேலிக்கருவை. மழைக்கு முன்பும் பச்சை, மழைக்குப் பின்பும் பச்சை, கண்மாய் வற்றினாலும் பச்சை. சீமைக்கருவேலம் என்று அரசு ஆவணங்களில் எழுதப்படும் இந்த மரத்தை 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னது. அது நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, கண்மாய்களை மூடுகிறது, வயல்களைத் தின்கிறது என்று இந்த மாவட்ட விவசாயிகள் படும் வேதனை உண்மையானது. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கங்களில் மழை பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டதும் இதே மரம்தான். வெட்டிய கட்டைகளைக் குவித்து, தழை போட்டு, ஈர மண்ணால் பூசி மூடி, காற்றை அளந்து விட்டு நாட்கணக்கில் புகைய விடுகிறார்கள். கரிமூட்டம் என்று பெயர். நின்று எரியும், புகை இல்லாத, அடர்ந்த கரி கிடைக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் இந்த மரத்தின் நெருங்கிய உறவான மெஸ்கிட்டின் கரியில் இறைச்சி வாட்டுவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இங்கே அது சாலையோரத்தில் சாக்கு மூட்டையாக நிற்கிறது.

மூட்டையைப் பார்த்துக்கொண்டே போகையில் ஒன்று உறைத்தது. இந்த மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். பரங்கிக்காயும் அங்கிருந்து வந்ததுதான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாயின் மூதாதையும் அங்கேதான் விளைந்தது. காயும் மிளகாயும் போர்த்துக்கீசியர் கப்பல் வழி திறந்த பிறகு வந்தன. மரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. வெவ்வேறு காலத்தில் கடல் தாண்டி வந்தவை இந்த வறண்ட மண்ணில் மறுபடி சந்தித்திருக்கின்றன. அவற்றை ஒரே அடுப்பில் ஏற்றினால் என்ன என்று மனம் பரபரத்தது.

கீழக்கரை முத்தாலும் சங்காலும் வாழ்ந்த ஊர். வள்ளல் சீதக்காதியின் ஊர். இலங்கை, மலேயா, அரபு நாடுகள் என்று ஆண்கள் கடலுக்கு அப்பால் போய்ச் சம்பாதிக்க, பெண்கள் வீட்டையும் அடுப்பையும் ஆண்ட ஊர். கடல் கடந்து வந்த எந்தப் பண்டத்தையும் இந்த ஊர் அடுக்களை தன்வசப்படுத்திவிடும். தென்கிழக்கு ஆசியாவின் தொடோல் இங்கே தேங்காய்ப் பாலில் கிண்டிய தொதல் ஆகி, இன்று கீழக்கரை என்றாலே அதுதான் நினைவுக்கு வருகிறது. ஆகையால் ஒரு பாஸ்தா பொட்டலத்தை மேசைமேல் வைத்தபோது தோழியின் உம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. ஒரு பென்னேயை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "இது சேமியாவுக்கு அண்ணன்" என்றார். சரியாகத்தான் சொன்னார். நல்ல பாஸ்தாவுக்கு உரியது துரம் கோதுமை ரவை. அந்தக் கோதுமை நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்தின் மால்வாவில் விளைகிறது.

அந்த வீட்டில் ஓவன் இருக்கிறது. பிள்ளைகள் பீட்சா சூடு பண்ணுவதற்காக வாங்கியது. உம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம் போட்டுறலாம்" என்றார். பிரியாணித் தேக்சாவைத் தணலில் வைத்து, மூடியின் மேலும் தணலைக் கொட்டி வேகவைக்கும் முறைதான் அது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வறண்ட சூடு தாக்கினால் அதுவே ஓவன். பிரியாணிக்கு மேல்தணல் பேருக்குக் கொஞ்சம் இருந்தால் போதும். பாஸ்தாவுக்குத் தலைகீழ்: அடியில் நாலு கரி, மேலே மூடி நிறையக் கரி. அடி பிடிக்காது, மேல் முறுகும்.

முதலில் பரங்கி. இதை நீரில் வேகவைக்கவே கூடாது. பத்தில் ஒன்பது பங்கு நீராக இருக்கும் காய்க்கு இன்னும் நீர் எதற்கு? ஒன்றேகால் கிலோ காயைத் தோலோடு பெரிய துண்டங்களாக அரிந்து, விதையை வழித்துவிட்டு, வேலிக்கருவைத் தணலின் மேல் கம்பி வலையில் வைத்தோம். அந்த விதைகளைக் கழுவிக் காயவைத்துக் கொறித்தால் அது வேறொரு விருந்து. முக்கால் மணி நேரத்தில் தோல் கருகி, சதையின் ஓரங்களில் பழுப்பு ஏறி, உள்ளிருந்த நீர் ஆவியாகிப் போயிருந்தது. கரண்டியால் சதையை வழித்து மத்தால் கடைந்தோம். சொட்டுத் தண்ணீர் பிரியாமல் பளபளவென்று வெண்ணெய்போல் வந்தது. பரங்கிச் சதையில் இருக்கும் பெக்டினும் மாவுச்சத்தும் செய்யும் காரியம் அது. மைதாவும் வெண்ணெயும் சேர்ந்து காய்ச்சிய கூழின் வேலையை இந்த விழுது ஒற்றையாகச் செய்துவிடுகிறது. இலகுவான பாஸ்தாவின் சூட்சுமத்தில் பாதி இந்த முக்கால் மணி நேரத் தணலில் முடிந்துவிடும். அவசரப்பட்டுக் குக்கரில் வைப்பவர்களுக்கு அது கிடைக்காது.

அதே தணலில் ஒரு கை சின்ன வெங்காயமும் ஒரு முழுப் பூண்டும் தோலோடு வெந்தன. குண்டு மிளகாய் ஆறை வெந்நீரில் ஊறவைத்து, அரைத் தேக்கரண்டி சோம்புடன் உம்மா அம்மியில் அரைத்தார். குண்டு மிளகாயின் தடித்த தோல் விழுதுக்கு நிறமும் ஒரு கெட்டித்தன்மையும் தரும். நீட்டு மிளகாய் இதற்குச் சரிப்படாது. பிறகு தேங்காய். ஒரு மூடியைத் துருவி முதல் பாலைப் பிழிந்து தனியே எடுத்து வைத்துவிட்டார். "இது தொதலுக்கு. வாப்பாவுக்கு ரெண்டாம் பால் போதும்." தேங்காய்க் கொழுப்பும் இதயத்துக்கு அளவாகத்தான் வேண்டும் என்பது அவருக்கு மருத்துவர் சொல்லித் தெரிந்திருக்கிறது. ஆனால் கொழுப்பே இல்லாமல் சமைப்பதும் வீண். பரங்கிக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் உடம்பில் சேர வேண்டுமானால் கூடவே கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தாக வேண்டும். ஒன்றரைக் கோப்பை இரண்டாம் பால் அதற்குத் தாராளம்.

பாஸ்தா 200 கிராம்தான். வழக்கமாக நான்கு பேருக்கு 400 கிராம் போடுவார்கள். பொட்டலத்தில் எழுதியிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்தோம். மீதியைத் தணல் பார்த்துக்கொள்ளும். குழைய விட்ட பாஸ்தாவைவிடக் கடிபடும் பாஸ்தா மெதுவாகச் செரிக்கிறது, சர்க்கரையும் மெதுவாக ஏறுகிறது. வடித்த கஞ்சியில் ஒரு கோப்பையைக் கொட்டாமல் எடுத்து வைக்கச் சொன்னேன். சோற்றுக் கஞ்சியைக் கொட்டாத வீட்டில் இதை யாருக்கும் இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேலே தூவ என்ன என்ற கேள்விக்கு உம்மா ஒரு டப்பாவைத் திறந்தார். மாசி. சூரை மீனை வேகவைத்து, புகை காட்டி, கல்லாகும் வரை வெயிலில் காயவைத்த துண்டு. மாலத்தீவிலிருந்து காலங்காலமாக இந்தக் கரைக்கு வரும் சரக்கு. அதை உரலில் இடித்துத் தூளாக்கினார். முகர்ந்து பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. இத்தாலியர் பாஸ்தாமேல் சீவித் தூவும் பார்மேசான் செய்யும் வேலையை மாசி செய்யும். இரண்டும் கல்போல இறுகியவை, உப்பானவை, ஒரு சிட்டிகையில் தட்டு முழுவதும் பரவுபவை. ஜப்பானியர் இதே மீனைக் காயவைத்துச் சீவித்தான் தங்கள் சாறுகள் பலவற்றுக்கு அடித்தளம் போடுகிறார்கள். 250 கிராம் சீஸ் தரும் ஆழத்தை இரண்டு மேசைக்கரண்டி மாசித்தூள் தந்தது. அதோடு கொரகொரப்பாகப் பொடித்த ரஸ்க்கும் பொன்னிறமாக வறுத்த தேங்காய்த் துருவலும் கலந்தோம். பிள்ளைகளுக்காக 40 கிராம் சீஸ் மட்டும் மேலே. உப்பு மிகக் குறைவு, மாசியிலேயே இருக்கிறது.

பரங்கி விழுது, வெங்காயம், பூண்டு, மிளகாய் விழுது, இரண்டாம் பால், வடித்த கஞ்சி எல்லாவற்றையும் பாஸ்தாவோடு கலந்து தேக்சாவில் போட்டு, மேல்தூளைப் பரப்பி மூடினோம். இருபத்தைந்து நிமிடம் தணலில், பத்து நிமிடம் ஆற. மூடியைத் திறந்தபோது ஓரங்களில் குமிழிட்டு, மேலே பழுப்பாக ஓடு கட்டியிருந்தது. சஹனில் கவிழ்த்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். வாப்பா முதல் வாய் எடுத்துவிட்டு அடுத்ததற்கு உடனே கை நீட்டினார். பிள்ளைகள் மேல் ஓட்டுக்குச் சண்டை போட்டார்கள். உம்மா மட்டும் மெல்ல மென்று யோசித்துக்கொண்டிருந்தார். "இனிப்பு மேல நிக்குதும்மா. அதை அடக்க ஒண்ணு வேணும்." எலுமிச்சையைப் பிழிந்து பார்த்தார். கொஞ்சம் அடங்கியது, முழுதாக இல்லை.

வட இத்தாலியில் மாந்துவா என்றொரு ஊர். பரங்கிச் சதையைப் பாஸ்தாவுக்குள் பொதிந்து சமைப்பதில் பேர்போனது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அது இல்லாமல் அங்கே விருந்து நிறைவு பெறாது. அவர்களுக்கும் இந்தப் பரங்கி இனிப்பு ஒரு சிக்கல்தான். அதற்கு அவர்கள் கண்ட வழி மொஸ்தார்தா: பழத்தைப் பாகில் போட்டுக் கடுகின் காரம் ஏற்றிய ஊறுகாய். அதைப் பரங்கியோடு சேர்த்துப் பிசைவார்கள். கீழக்கரையில் உட்கார்ந்து இதை உம்மாவிடம் சொன்னபோது அவர் கடுகைத் தாளிக்கவா என்று கேட்டார். தாளித்த கடுகுக்குக் காரம் போய்விடும். வேறு வழி வேண்டியிருந்தது. அது மண்டபத்தில் கிடைத்தது.

மண்டபத்துக்குப் போகும் வழியில் வேதாளை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கே சிறு கோட்டை ஒன்றை வைத்திருந்தார்கள். அந்தோணியோ கிரிமினாலி என்ற இயேசு சபைத் துறவி 1549இல் இங்கே நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். இப்போது தென்னையும் மணலும் மீன் காயும் வாசமும்தான். நான் சுமந்து சென்ற காயும் மிளகாயும் இந்தக் கரைக்கு வந்த காலம் ஏறத்தாழ அதுதான் என்ற எண்ணத்தோடு கடந்து போனேன்.

மண்டபம் முகாமின் வரலாறு நீளமானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களை நோய் சோதித்து அனுப்புவதற்காக ஆங்கிலேயர் காலத்தில் அமைந்த இடம். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து எதிர்த்திசையில் உயிர் தப்பி வந்தவர்களுக்கு அதுவே புகலிடமானது. முகாமில் வாழும் மன்னார்க்கார அக்கா ஒருவர் வெளியே சாலையோரத்தில் காலையில் இடியாப்பமும் சொதியும் விற்கிறார். பரங்கி இனிப்பைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. "பூசணிக்காய்க்குக் கடுகு பச்சையா அரைச்சுப் போடாட்டி அது கறியே இல்லைத் தங்கச்சி. அரிசியும் தேங்காய்ப்பூவும் நல்லா வறுத்து, கடுகோட அரைச்சு, இறக்கேக்க கரைச்சு விடுங்கோ."

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. பச்சைக் கடுகை அரைக்கும்போதுதான் அதன் உறைப்பு பிறக்கிறது. மாந்துவாக்காரர்கள் ஊறுகாயில் வைத்ததை மன்னார்ப் பெண்கள் அம்மியில் வைத்திருக்கிறார்கள். ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்கள், ஒரே காயின் இனிப்புக்கு ஒரே மருந்தைக் கண்டிருக்கின்றன. இரண்டாவது, வறுத்த அரிசி. மாவை வறுத்தால் வரும் மணமும், சாற்றைப் பிடித்து நிறுத்தும் குணமும் வெண்ணெய் ஒரு சொட்டுமின்றி இதில் கிடைக்கின்றன. ஒரு மேசைக்கரண்டி அரிசி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி கடுகு. அரிசியையும் தேங்காயையும் கரும்பழுப்பு வரும் வரை வறுக்க வேண்டும், கருக விடக் கூடாது. கடுகை வறுக்கவே கூடாது. அக்கா தன் அம்மியிலேயே அரைத்து வாழையிலையில் பொதிந்து தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவருடைய இடியாப்பத்தை நிறைய வாங்கிக்கொண்டேன். அது பின்னால் பெரிய உதவி செய்தது.

பாம்பனைப் பேருந்தில் கடந்தேன். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குக் கண்ணி அப்படியே செங்குத்தாக எழும்புகிறது. அதன் அருகே 1914இன் பழைய பாலம் ஓய்ந்து நின்றது. பாலங்களைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். நான் இறங்கியது தங்கச்சிமடத்தில், சென்னாங்குனிக்காக. கூனி இறாலில் மிகச் சிறியது, நகக்கண் அளவு. காயவைத்து அள்ளி விற்கிறார்கள். வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் புரட்டினால் முறுமுறுப்பாகிவிடும். மாசி கிடைக்காத ஊர்க்காரர்களுக்கு இதுவே போதும். மேல் ஓட்டுக்கு மாசியைவிட இது இன்னும் நன்றாக முறுகுகிறது என்பது என் தீர்மானம்.

தங்கியிருந்த வீட்டில் கடலுக்குப் போகும் குடும்பம். அடுப்பங்கரையைத் தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள். இந்த முறை பாஸ்தாவுக்குப் பதில் மண்டபம் அக்காவின் இடியாப்பம். மண்சட்டியில் ஓர் அடுக்கு இடியாப்பம், அதன்மேல் கடுகும் வறுத்த அரிசியும் சேர்ந்த பரங்கி விழுது, மறுபடி இடியாப்பம், மறுபடி விழுது, உச்சியில் சென்னாங்குனியும் தேங்காயும். சீஸ் அறவே இல்லை. இடியாப்பம் ஏற்கெனவே வெந்தது, ஆகையால் மேல்தணலில் பன்னிரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. ஒன்று கவனிக்க வேண்டும்: பாஸ்தாவைவிட இடியாப்பம் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். விழுதை இரண்டாம் பாலில் இன்னும் தளர்த்திக்கொண்டால்தான் கட்டியாகாமல் வரும். வெட்டி எடுத்தபோது ஆரஞ்சும் வெள்ளையுமாக அடுக்குகள் தெளிவாக நின்றன. இனிப்பு முதலில் வந்தது, கடுகு அதன் பின்னால் மூக்கில் ஏறியது, மிளகாய் கடைசியாகத் தொண்டையில் தங்கியது. வீட்டுக்கார அம்மா ஒரு துண்டைப் பொதிந்து, வலை பின்னிக்கொண்டிருந்த மகனுக்குக் கொடுத்தனுப்பினார். இன்னொரு துண்டைப் பக்கத்து வீட்டுக்கு.

பாஸ்தாவைவிட இதுவே மேல் என்று நான் தயங்காமல் சொல்வேன். பாஸ்தாவில் பரங்கி விருந்தாளியாக இருந்தது. இடியாப்பத்தில் வீட்டு ஆளாகிவிட்டது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் சாப்பிடலாம் என்பது கூடுதல் நன்மை. கீழக்கரைத் தோழிக்கு உடனே அழைத்துச் சொன்னேன். "உம்மா நேத்தே மிச்ச இடியாப்பத்துல செஞ்சு பாத்துட்டாங்க" என்றாள்.

இராமேசுவரம் நகரில் வந்து தங்கும் யாத்திரிகர்களில் பலர் மீன் தொடாதவர்கள். அவர்களுக்கும் இந்தப் பண்டம் எட்ட வேண்டும் என்பதால் மாசிக்கு ஒரு மாற்றுத் தேடினேன். பொட்டுக்கடலையையும் வெள்ளை எள்ளையும் வறுத்து, பூண்டோடு கொரகொரப்பாக இடித்து, உப்புச் சேர்த்துத் தூவினால் ஆழம் கொஞ்சம் குறைந்தாலும் முறுமுறுப்பு குறையவில்லை. புளித்த மோரில் ஊறவைத்து உலர்த்திய மிளகாயை வறுத்து நொறுக்கிச் சேர்த்தால் இன்னும் எடுப்பாக இருக்கிறது. இராமநாதசுவாமி கோயிலின் நீண்ட பிரகாரத்தில் நடந்துவிட்டு வந்து பசியோடு உட்கார்ந்தபோது அது மிகவும் நன்றாகவே இறங்கியது.

தனுஷ்கோடிக்கும் போனேன். 1964 டிசம்பர் புயலுக்கு முன்பு வரை இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. சென்னையில் ரயிலேறியவர் இங்கே இறங்கிக் கப்பல் மாறி, அக்கரையில் மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குப் போய்விடலாம். மண்டபம் அக்காவின் மன்னார் இங்கிருந்து கண்ணுக்கெட்டாத, ஆனால் ஒரு நாளில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருந்தது. அரைத்த கடுகு போட்ட பூசணிக் கறி அந்தக் கப்பலில் எத்தனை முறை தூக்குவாளிகளில் இக்கரைக்கு வந்திருக்கும் என்று எண்ணினேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் மறுபடி ஓடுகிறது. இங்கேயும் ஓட வேண்டும். அந்த அக்காவும் அவரைப் போன்றவர்களும் தாய்வீட்டுக்குப் போய் வரும் வழி இத்தனை சுற்றாக இருக்கக் கூடாது.

வீட்டில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்குத் தணலும் கரியும் கட்டாயமில்லை. ஓவன் இருந்தால் 200 டிகிரியில் பரங்கியை முக்கால் மணி நேரம் வாட்டுங்கள், அதே சூட்டில் அடுக்கியதை இருபத்தைந்து நிமிடம் வையுங்கள். ஓவன் இல்லையென்றால் கனத்த அடியுள்ள இரும்புச் சட்டியில் பரங்கியை எண்ணெயில்லாமல் மூடி போடாமல் வாட்டி, அடுக்கியதைத் தோசைக்கல்லின் மேல் சட்டியோடு வைத்து மெல்லிய தீயில் தம் போடுங்கள். மேல் ஓடு முறுகாது. அதற்காக வறுத்த தேங்காயையும் சென்னாங்குனியையும் இறக்கிய பிறகு தூவுங்கள். எதை மாற்றினாலும் காயை நீரில் வேகவைக்காதீர்கள், கடுகை விட்டுவிடாதீர்கள். இராமநாதபுரம் பக்கம் வருகிறவர்கள் கோயிலையும் கடலையும் பார்த்ததோடு திரும்பிவிடாமல், குண்டு மிளகாயும் மாசியும் சென்னாங்குனியும் இந்த ஊர்க் கடைகளில் வாங்கிப் போங்கள்.

தென்மாவட்டங்களில் பொங்கலன்று பரங்கிக்காய் இல்லாமல் இலை நிறையாது. தை பிறக்கும்வரை சந்தையில் நல்ல காய் வந்துகொண்டேயிருக்கும். இந்த ஆண்டு காம்பு காய்ந்ததாகப் பார்த்து ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். ஒன்று பொங்கல் குழம்புக்கு, மற்றது இதற்கு.